பக்கத்து சீட் பிரேக்

“இதோ, இங்கேதான் அவங்க பேச்சை நிறுத்திட்டீங்க” என்று சொல்லி, மேடம் திரையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

டிரைவிங் மாஸ்டர் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார். திரையில் இடுப்புக்கு மேலே அவர் தெரிந்தார். எதிர் நாற்காலியில் கூடப் படிக்கும் பல் நர்ஸ். நடுவில் குட்டி மேஜை, அதன்மேல் டிஷ்யூ பெட்டி. அவருடைய வாய் மூடியிருந்தது. கைகள் மடியில் சமர்த்தாக இருந்தன.

“நான் எங்கே மேடம் நிறுத்தினேன்? வாயே திறக்கலையே!”

“ம்ம்” என்றார் மேடம்.

வகுப்பில் அவருக்குப் பெயரே ‘ம்ம் மேடம்’தான். அந்த ஒற்றை ‘ம்ம்’முக்கு ஆமாம், இல்லை, யோசியுங்கள், மேலே சொல்லுங்கள், டீ வந்துவிட்டதா என்று சமயத்துக்குத் தகுந்தபடி அர்த்தம் உண்டு. எந்தச் சமயத்தில் எந்த அர்த்தம் என்பதைத்தான் மாஸ்டரால் இன்றுவரை பிடிக்க முடியவில்லை.

மருந்துக் கடைக்கு மேலே, பலகைத் தரை போட்ட ஓர் அறை. வார இறுதியில் அங்கே ஆலோசகர் சான்றிதழ் வகுப்பு நடக்கிறது. ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள்தான் மாணவர்கள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் என்று எல்லாம் கலந்த கூட்டம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து பயிற்சி செய்ய வேண்டும். ஒருவர் தன் பிரச்னையைச் சொல்வார், ஒருவர் கேட்பார், ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பார். பிரச்னை சின்னதாக இருக்கலாம், ஆனால் நிஜமாக இருக்க வேண்டும்.

மாஸ்டர் இதில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய டிரைவிங் ஸ்கூலை வருஷக் கடைசியில் மூடப்போகிறார்கள். விபத்தில் அடிபட்டுத் தேறியவர்கள் சிலர், காரில் ஏறவே நடுங்குவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அப்படிப்பட்டவர்களை இவரிடம் அனுப்பிப் பார்த்திருந்தார். “சான்றிதழை மட்டும் வாங்கிட்டு வாங்க மாஸ்டர். எங்க வார்டுல உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு” என்று சொல்லியிருந்தார்.

பேசுவதுதானே, நமக்கு அது தண்ணி பட்ட பாடாயிற்றே என்று நினைத்து மாஸ்டர் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே பேசவே கூடாது. ‘நான் உங்க இடத்துல இருந்தா’ என்று ஆரம்பிக்கக் கூடாது. ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ கூடவே கூடாது. கேள்வியாகக் கேட்டுத் தள்ளினால், “இது என்ன, போலீஸ் ஸ்டேஷனா?” என்பார் மேடம். சரி என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், இதோ, நிறுத்திவிட்டீர்களாம்.

மேடம் மறுபடி ஓட விட்டார்.

திரையில் பல் நர்ஸ், “வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிடறாங்க. போனா எனக்கு நல்லதுதான். ஆனா தங்கச்சி இருக்காளே... அவளை நான்தான் வளர்த்தேன். அவகிட்ட இதை...” என்றாள். எங்கிருந்தோ ‘டொப்’ என்று மெல்லிய சத்தம். நர்ஸ் கண்ணைக் கொட்டினாள். “சரி, அதை விடுங்க. இங்க ஏசி ரொம்பக் குளிருது இல்ல?”

“அவங்க பேச்சு தங்கச்சிங்கற தெருவுக்குள்ள திரும்பறப்பல்லாம் சிவப்பு லைட் விழுது மாஸ்டர்” என்றான் கூரியர். அவன்தான் ஓரமாக உட்கார்ந்து கவனித்தவன். “கீழே கடையில வேற பெட்டி இறக்கறாங்க போல. டொப்பு டொப்புன்னு.”

“மாஸ்டர் ஒண்ணும் பண்ணலை மேடம்” என்று நர்ஸ் பரிந்து பேசினாள். “எனக்கே ‘இத்தோட போதும்’னு தோணிடுச்சு. ஏன்னுதான் தெரியலை.”

“எனக்கும் தெரியலை” என்று மேடம் ஒப்புக்கொண்டார். “ஆனா ஒவ்வொரு தடவையும் நிக்குது. இதுல நீங்க தேறலை மாஸ்டர். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி. அதுலயும் இப்படின்னா அடுத்த வருஷம் திரும்பச் சேரணும்.”

அடுத்த வருஷம் வரைக்கும் ஆஸ்பத்திரி நாற்காலி காலியாகக் காத்திருக்குமா? மாஸ்டர் படி இறங்கினார். கீழே மருந்துக் கடை பூட்டியிருந்தது. அதை அவர் பார்க்கத்தான் செய்தார். மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வண்டியில் டெய்லரம்மா உட்கார்ந்திருந்தார். தையல் மெஷினில் சூரப்புலி. ஸ்டீயரிங்கைத் தொட்டால் பூனைக்குட்டி. காரின் தலையில் ‘பழகுநர்’ பலகை. மாஸ்டர் பக்கத்துக் காலடியில் தனியாக ஒரு பிரேக். அந்த பிரேக்கில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. “என் வண்டியில ஒரே ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!” என்று சவால் விடுவார். யாராலும் காட்ட முடிந்ததில்லை.

வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை இங்கேயே பழகிப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எதிரே ஒரு லாரி சந்திலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது.

“லாரி கிட்ட வர்றது உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு...” என்றார் மாஸ்டர், மெதுவாக.

“ஒரு மாதிரியா? உசிரே போகுது மாஸ்டர்! எந்தப் பக்கம் திருப்பணும், அதைச் சொல்லுங்க!”

“எந்தப் பக்கம்னு தெரியாம தவிக்கிறீங்க...”

“ஐயோ, அதைத்தானே நானும் கேக்கறேன்!”

கார் தானாக நின்றது. தானாகவா? மாஸ்டரின் கால் எப்போதும்போலத் தன் வேலையை முடித்திருந்தது. லாரி ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. டெய்லரம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“என்மேல என்ன கோபம் மாஸ்டர்? இன்னைக்குத் திட்டவே மாட்டேங்கறீங்க?”

“கோபம்னு உங்களுக்குத் தோணுது...”

“போதும் மாஸ்டர். உங்க வாயால நாலு வார்த்தை திட்டுங்க. அப்பதான் எனக்குக் கையே நேரா வரும்.”

மாஸ்டர் திட்டினார். டெய்லரம்மா கடைவீதி முழுக்க ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போனார். மாஸ்டருக்குத் தலை சுற்றியது. திட்டினால் ஓடுகிறது, கேட்டால் நிற்கிறது. அப்படியானால் அந்த வகுப்பில் அவர் படிப்பதுதான் என்ன?

வீட்டிலும் நிலைமை அதேதான். “அப்பா, நாளைக்கு என்னை பஸ் ஸ்டாண்டுல விடுவீங்களா?” என்று மகள் கேட்டால், “பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னு நினைக்கிறே...” என்பார். “அம்மா! அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டார்!” என்று அவள் உள்ளே பார்த்துக் கத்துவாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். வாய் நீளம்.

வீட்டு மனிதர்களை வைத்துப் பயிற்சி செய்யக் கூடாது என்பது வகுப்பின் விதி. கடைசி வாய்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், மாஸ்டர் அந்த விதியை மீறுவது என்று முடிவு செய்தார்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

“கொஞ்சம் இங்க வந்து உட்காரேன். ஒரு பிரச்னை சொல்லு. சின்னதா. ஆனா நிஜமா இருக்கணும்.”

“வேற வேலை இல்லையா உங்களுக்கு?”

“நாளைக்குத் தேறலைன்னா நிஜமாவே வேற வேலை இல்லை.”

மனைவி கைப்பையோடு சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மகள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நான் கூரியர்” என்றாள்.

“சொல்லுங்க” என்றார் மாஸ்டர்.

“சொல்லுங்களா? மரியாதையெல்லாம் தூள் பறக்குதே! சரி. என் வீட்டுக்காரர் ஈரத்துண்டைக் கட்டில் மேல போடறார்.”

“ஈரத்துண்டு உங்களுக்குச் சங்கடமா இருக்கு.”

“துண்டுக்கென்ன, அது பாட்டுக்குக் கிடக்கு. போடறவர்தான் சங்கடம்.”

மகள் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்து, மேடம் சொன்ன மாதிரி முகத்தைத் தளர்த்திக்கொண்டு காத்திருந்தார். அந்த மௌனம் மனைவியை என்னவோ செய்தது. அவள் கைப்பையின் வாரைத் திருகினாள்.

“இன்னைக்கு ரெண்டாவது பஸ்ஸுல இடமே இல்லை. நின்னுக்கிட்டே வந்தேன். எங்க கடையில புதுசா வந்திருக்கிற பொண்ணு தானே கார் ஓட்டிக்கிட்டு வருது. அதைப் பார்க்கறப்ப...” என்று நிறுத்தி, மறுபடி தொடர்ந்தாள். “நானும்தான் லைசென்ஸ் வெச்சிருக்கேன். தவறாம புதுப்பிச்சுக்கிட்டும் வர்றேன். எதுக்குன்னு எனக்கே தெரியலை. நீங்க எல்லார்கிட்டயும் ‘அவ பயந்தவ, ரோட்டைப் பார்த்தாலே நடுங்குவா’ன்னு சொல்றீங்க. நானும் சிரிச்சுக்கறேன். ஆனா நான் நிஜமா...”

டொப்.

மனைவி நிறுத்தினாள். “சரி, டீ போடட்டுமா?” என்று பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு மேஜை விரிப்பைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தாள்.

“அந்தக் காலை எடுங்க.”

“எந்தக் காலை?”

“வலது காலை! என்ன மிதிக்கிறீங்க?”

மாஸ்டரும் குனிந்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் ஊன்றி, முன்பாதம் இறங்கி, இல்லாத பெடல் ஒன்றை முழுசாக மிதித்திருந்தது. தொடை கல்லாக இறுகியிருந்தது. அவர் அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இதேதான்!” மனைவியின் குரல் உயர்ந்தது. “அன்னைக்கும் இதேதான்! தண்ணித் தொட்டித் திருப்பம் ஞாபகம் இருக்கா? கல்யாணமான புதுசுல நீங்கதானே எனக்குக் கத்துக்கொடுத்தீங்க? நான் பிரேக்கைத் தொடறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடும். எல்லாத் திருப்பத்துலயும். நான் நிறுத்தினேனா நீங்க நிறுத்தினீங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. லைசென்ஸ் வந்த பிறகும் நீங்க பக்கத்துல. மறுபடி அதே. சரி, நமக்கு வராதுன்னு விட்டுட்டேன். பயத்துல இல்லை. எனக்கு நிறுத்த வருமான்னு தெரிஞ்சுக்கவே முடியலை, அதான் விட்டேன்.”

“மோதிடக் கூடாதேன்னுதானே...”

“மோதியிருந்தா மோதியிருக்கட்டுமே!”

மகள் ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு எழுந்து போனாள். டீ யாரும் போடவில்லை. மாஸ்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை காலமாக உயிர் காத்த கால். ஒரு கீறல் விழவிடாத கால். நர்ஸ் தங்கச்சியின் பேச்சை எடுத்தபோதெல்லாம் பலகைத் தரையில் இறங்கிய கால். கீழே கடை பூட்டியிருந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

காப்பாற்றுவது தப்பா? எதிரே லாரி வந்தால் மிதிக்காமல் வேறு என்ன செய்வது? நர்ஸ் கலங்கி உட்கார்ந்திருந்தால் அது லாரியா இல்லையா? எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், கூரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மாஸ்டர், பார்சல் கட்டற டேப் என் பையில இருக்கு. நாற்காலியோட சேர்த்து ஒரு சுத்து சுத்திடவா?”

“விளையாடாதேப்பா. என் பிழைப்பே இதுல இருக்கு.”

“அப்ப காலை மடிச்சு மேல வெச்சுக்குங்க. தரையே இல்லைன்னா எதை மிதிப்பீங்க?”

கேலியாகச் சொன்னதுதான். மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை மடித்துத் தன் இடது தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். மேடம் புருவத்தை உயர்த்தினார். “ம்ம்” என்று கேமராவை ஓடவிட்டார்.

பல் நர்ஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே வேலை, அதே வேற ஊர். பேச்சு சுற்றிச் சுற்றி அதே தெருமுனைக்கு வந்தது.

“தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா அழுவா. அவளுக்கு என்னைவிட்டா யாரும் இல்லை. தனியா ஒரு பல்பு மாத்தக்கூட அவளுக்குத் தெரியாது. அதான் எனக்கு...”

மாஸ்டரின் கால் துடித்தது. தொடைக்கு அடியில் விரல்கள் மடங்கின. மிதிக்க இடம் இல்லை.

டிஷ்யூ பெட்டி, கடிகாரம், கூரியரின் இருமல். நர்ஸ் ஏசியைப் பற்றிப் பேசவில்லை.

“அதான் எனக்குக் கவலைன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்” என்றாள் மெதுவாக. “கவலை இல்லை. ஆசை. எனக்குப் போகணும் மாஸ்டர். அவளை விட்டுட்டுப் போகணும். ஒரு நாளாவது, யாருக்கும் எதுவும் செய்யாம, கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கணும். அவ அழுதாலும் பரவாயில்லைன்னு...” கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கடவுளே. நானா இதைச் சொன்னேன்?”

இதோ லாரி. நேருக்கு நேர். மாஸ்டரின் வாய்க்குள் வார்த்தைகள் முட்டி மோதின. அப்படியெல்லாம் இல்லம்மா. நீ நல்ல அக்கா. அது அசதியில வர்ற பேச்சு. எல்லாம் தடை செய்யப்பட்ட வார்த்தைகள். கால் மரத்துப்போய்விட்டது. உதவிக்கு ஒன்றுமே இல்லாமல் அவர் சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகணும்னு ஆசையா இருக்கு” என்றார் கடைசியில்.

“ஆமா” என்றாள் நர்ஸ். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். மணி அடிக்கும் வரை அழுதாள். மாஸ்டர் டிஷ்யூ பெட்டியைக்கூடத் தள்ளவில்லை. தள்ளலாமா கூடாதா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கேமராவை அணைத்ததும் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தாள். “ஏன் மாஸ்டர் என்னை நிறுத்தலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?”

மாஸ்டர் எழுந்து பதில் சொல்லப் பார்த்தார். மரத்துப்போன கால் ஊன்றவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். போன தடவை நிறுத்தியதற்குத் தோல்வி. இந்தத் தடவை நிறுத்தாததற்கு.

மேடம் நாற்காலிகளை ஓரமாக அடுக்கத் தொடங்கினார்.

“தேறிட்டீங்க மாஸ்டர்.”

“என்னது?”

“தேறிட்டீங்க. சான்றிதழ் அடுத்த மாசம் வரும்.”

“மேடம், அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போகுது! என்னைத் திட்டிட்டுப் போகுது!”

“ம்ம். நான் கூப்பிட்டுப் பேசறேன். அது என் வேலை.”

“அப்ப நான் என்ன சரியா செஞ்சேன்? அதையாவது சொல்லுங்க.”

மேடம் நாற்காலியைக் கீழே வைத்தார். “உங்களுக்கு என்ன தோணுது?”

மாஸ்டர் நொண்டிக்கொண்டே படி இறங்கினார்.

கீழே மரத்தடியில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. அதில் சாய்ந்தபடி மனைவி காத்திருந்தாள். கூடவே வருகிறேன் என்று காலையில் அவளாகவே கிளம்பியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“என்ன ஆச்சு?”

“தேறிட்டேனாம்.”

“அதை ஏன் பல் பிடுங்கின மாதிரி சொல்றீங்க? என்ன நடந்தது?”

“உள்ளே பேசினதை வெளியே சொல்லக் கூடாது.”

“காலு?”

“மடிச்சு வெச்சுக்கிட்டேன்.”

மனைவி அவருடைய காலைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாளா திட்டப்போகிறாளா என்று தெரியவில்லை. கையை நீட்டினாள்.

“சாவியைக் குடுங்க.”

அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு வழக்கம்போல முன்பக்கக் கதவைத் திறந்தார்.

“அங்க இல்லை. பின்னாடி.”

“பின்னாடியா?”

“முன்னாடி உட்கார்ந்தா அந்த பிரேக் சும்மா இருக்கும். நீங்க இருப்பீங்களா?”

அந்தக் காரின் பின் சீட்டில் மாஸ்டர் உட்கார்ந்ததே இல்லை. எல்லாம் வேறு மாதிரி இருந்தது. சாலை தூரத்தில் இருந்தது. மனைவியின் பின்கழுத்தும் தலைக் கிளிப்பும் கண்ணாடியில் அவளுடைய ஒரு கண்ணும் தெரிந்தன. கார் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி கிளம்பியது. யாரோ ஹார்ன் அடித்தார்கள். “இருடா, வர்றேன்” என்றாள் மனைவி, யாரிடமோ.

பெரிய சந்திப்பு வந்தது. சிவப்பு விளக்கு. முன்னால் ஒரு பஸ்ஸின் முதுகு வளர்ந்துகொண்டே வந்தது. இன்னும் வளர்ந்தது. மாஸ்டரின் வலது கால் பறந்து இறங்கியது. அடியில் ரப்பர் விரிப்பு மட்டும்தான் இருந்தது.

கார் நின்றது. கொஞ்சம் குலுங்கி, பஸ்ஸுக்குக் கொஞ்சம் கிட்டே. ஆனால் நின்றது.

கண்ணாடியில் அந்த ஒரு கண் அவரைப் பார்த்தது.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள் மனைவி.

கிளட்சை இன்னும் முன்னாடியே அழுத்தணும், பஸ்ஸுக்குப் பின்னாடி இடைவெளி விடணும், சொல்ல வேண்டியது வண்டி வண்டியாக இருந்தது.

“ஆமா” என்றார் மாஸ்டர்.

“ம்ம்” என்றாள் அவள்.

விளக்கு பச்சையானது. அந்த ‘ம்ம்’முக்கு என்ன அர்த்தம் என்று வீடு வந்து சேரும் வரைக்கும் அவருக்குப் புரியவில்லை.